கொழுந்து வராத ஸ்டோர்கள்: மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு என்ன ஆகிறது?

இலங்கையின் மலையகத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை மூடிவிட்டால் அதற்குப் பெரும்பாலும் மூன்று கதிதான். ஹோட்டல் ஆகலாம், அருங்காட்சியகம் ஆகலாம், இல்லாவிட்டால் தகரம் தகரமாகக் கழன்று இரும்புக்கடைக்குப் போகலாம். முதல் இரண்டு கதியும் வாய்த்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றாவதுதான் அதிகம். தோட்டத்துச் சனங்கள் ஸ்டோர் என்று சொல்லும் இந்தக் கட்டடங்களில் எது தப்பித்தது, ஏன் தப்பித்தது, தப்பித்ததில் உள்ளே என்ன மிஞ்சியது என்று பார்த்தால், மலையகத்தின் வரலாற்றை இதுவரை யார் எழுதிவந்தார்கள் என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். மலைப்பாதையில் வளைந்து வரும்போதே ஸ்டோர் கண்ணில் பட்டுவிடும். மூன்று, நான்கு மாடி உயரம், வெள்ளி நிறப் பூச்சு, தகரக் கூரை, ஒவ்வொரு மாடியிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஜன்னல்கள். சுற்றிலும் தாழ்ந்த லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், மட்டுமே இருக்கிற இடத்தில் இவ்வளவு உயரம் எதற்கு?

கொழுந்துக்காகத்தான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை அவசரமில்லாமல் இறக்கி, இலை உடையாமல் மடங்கும் பதத்துக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட ஓர் இரவு தேவை. இதற்காக மேல்மாடிகளில் சாக்குத் துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லியதாகத் தூவுவார்கள். நல்ல வெயில் நாளில் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், மலைக்காற்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். மழையும் மூட்டமுமான நாளில் ஜன்னல்களை அடைத்துவிட்டு, கீழே டிரையர் பக்கமிருந்து வரும் சூட்டை பெரிய விசிறிகளால் மேலே இழுப்பார்கள். வாடிய கொழுந்தை மாடித் தளத்தில் இருக்கும் துவாரங்கள் வழியாகத் தள்ளினால் நேரே கீழே இருக்கும் ரோலருக்குப் போய்ச் சேரும். அங்கே உருட்டி, உடைத்து, புளிக்கவைத்து, டிரையரில் காயவைத்து, சலித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்துவிடுவார்கள். கொழுந்தை ஒருமுறை மேலே ஏற்றுவதுதான் பாடு. இறங்குவதற்குச் செலவில்லை.

ஆக அந்த உயரம், அந்த ஜன்னல்கள், மரத்தளம், சுவரில் பதித்த விசிறி எல்லாமே ஒரு செய்முறைக்காக வந்தவை. அழகுக்கென்று யாரும் வைக்கவில்லை. இன்று அழகாகத் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. டெய்லர் 1872 வாக்கில் தன் தோட்டத்தில் தேயிலை செய்ய ஒரு சிறு தொழிற்சாலை வைத்திருந்தார். ஆனால் மாடி மாடியாக எழுந்த ஸ்டோர்களுக்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது. ஒன்று இயந்திரம். கையால் உருட்டி, கரி அடுப்பில் வாட்டிய காலம் போய், பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் தயாரித்த சிரோக்கோ டிரையர் போன்றவை வந்தன. மற்றது ரயில். இரும்புத் தூண்களும் உத்திரங்களும் இயந்திரங்களும் பிரிட்டனிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரலாம். மலைக்கு எப்படி ஏற்றுவது? கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். பாதை நீள நீள ஸ்டோர்களும் மலையேறின. ஸ்டேசனில் இறங்கிய இரும்பைத் தோட்டம்வரை கொண்டுபோன கடைசிச் சில மைல்களில் மாட்டு வண்டியும் மனிதத் தோளும்தான் இருந்தன.

அப்புறம் ஏன் வெறுமையாயின? தேயிலை விலை விழுந்தது, நிர்வாகம் கெட்டது என்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கொழுந்து வாட்டும் முறையே மாறிவிட்டது. சாக்குத் தட்டுகளுக்குப் பதிலாக நீளமான தொட்டிகள் வந்தன. தொட்டியின் வலைத்தளத்தில் கொழுந்தைக் கனமாகப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுவார்கள். முன்பு ஒரு முழு மாடி பிடித்த கொழுந்து இப்போது சில தொட்டிகளில் அடங்கிவிடும். எந்த மாடிகளுக்காகக் கட்டடம் எழுந்ததோ அந்த மாடிகளில் பாதிக்கு வேலை இல்லாமல் போனது.

கூடவே லொறி வந்தது. தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் கொழுந்து வந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி ஸ்டோர் வேண்டியிருந்தது. தாமதமானால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். நல்ல ரோடும் லொறியும் இருந்தால் மூன்று தோட்டத்துக் கொழுந்தை ஒரே ஸ்டோரில் அரைக்கலாமே? 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. ஜனவசம், பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரசு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்த பல தோட்டங்களை ஒரே கையில் வைத்திருந்ததால், ஸ்டோர்களை இணைப்பது இலகுவாயிற்று. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது கணக்கு இன்னும் கறாரானது. அதற்குள் நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி தென்பகுதித் தாழ்நிலத்துச் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வரத் தொடங்கிவிட்டது. உயரமான மலையில் பாதிக் கொள்ளளவில் ஓடும் நூறு வயது ஸ்டோரைக் காப்பாற்ற எந்தக் கணக்காளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

பூட்டிய ஸ்டோர் விரைவாகவே விழும். ஓடுகிற ஸ்டோரில் டிரையரின் சூடும் விசிறிக் காற்றும் மரத்தைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். அது நின்றதும் மலை ஈரம் உள்ளே குடியேறிவிடும். ஒரு தகரம் பறந்தால் போதும், மழைநீர் மேல்தளத்துப் பலகையில் இறங்கி, அது உளுத்து அடுத்த தளத்தில் விழும். இரும்புக்கு எப்போதும் விலை உண்டு என்பதால், இயந்திரங்களும் தண்டவாளம் போன்ற உத்திரங்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இந்த முடிவிலிருந்து தப்பியவற்றில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது கந்தப்பளையின் ஹெதர்செட் ஸ்டோர். நுவரெலியாவிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில், பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த கட்டடம் அது. அதை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. வெளித்தோற்றத்தில் கைவைக்கவில்லை, அதே தகரம், அதே ஜன்னல் வரிசை. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கை அறைகளாயின. நடுவே கூரைவரை திறந்துவிட்டு, இரும்புத் தூண்களும் கப்பிகளும் விசிறிகளும் கண்ணில் படும்படி வைத்தார்கள். வளவிலேயே ஒரு சின்னத் தொழிற்சாலையில் விருந்தினர் தேயிலை செய்து பார்க்கலாம். குறுகிய பாதையில் ஓடிய பழைய ரயில் பெட்டி ஒன்றும் சாப்பாட்டுக் கூடமாக நிற்கிறது.

இதில் ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டடக் கலையாகப் பார்த்தால் இது நேர்மையான வேலை. வாட்டும் மாடியின் ஜன்னல் வரிசையே அறைகளுக்கு வெளிச்சம் தருகிறது. நீண்டு ஒடுங்கிய தளம் ஹோட்டல் அறைகளுக்குத் தானாகவே பொருந்திவிட்டது. ஓர் இரவு தங்க ஒரு தோட்டத் தொழிலாளி எத்தனை நாள் பேர் போட வேண்டும், அதாவது எத்தனை நாள் சம்பளம் வேண்டும் என்ற கேள்வியை இங்கே கேட்காமல் விட முடியாது. அதற்காக, ஹோட்டல் ஆகாமல் இருந்திருந்தால் நல்லது என்றும் சொல்ல முடியாது. ஆகாமல் இருந்திருந்தால் இன்று அங்கே அத்திவாரம்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, கண்டி நகரத்திலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கும் ஹந்தானை ஸ்டோர். 1925இல் கட்டியது. பத்தாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்ததைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து திருத்தி, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தன. கீழ்த்தளங்களில் பழைய ரோலர்கள், டிரையர்கள், சலிக்கும் இயந்திரங்கள், நீராவியிலும் எண்ணெயிலும் ஓடிய எஞ்சின்கள். மேலே டெய்லருக்கு ஒரு பகுதி. அவர் பாவித்த பொருட்களும் அங்கே இருக்கின்றன. அதற்கும் மேலே கடைகள், உச்சியில் தேநீர்ச்சாலை. கொழுந்து மேலிருந்து கீழே போன கட்டடத்தில் இப்போது பார்வையாளர் கீழிருந்து மேலே போகிறார். இயந்திரம் பிடித்தவர்களுக்கு அரை நாள் போவதே தெரியாது.

இயந்திரத்தை ஓட்டியவர் யார் என்று தேடிப்போனால்தான் ஏமாற்றம். டெய்லரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் அவர் லூல்கந்துரவில் இறந்தபோது உடலைக் கண்டி மகியாவை மயானம்வரை தோட்டத் தொழிலாளர்கள் முறைவைத்துத் தோளில் சுமந்து போனார்கள். அவருடைய கல்லறையில் இலங்கைத் தேயிலை, சிங்கோனா முயற்சியின் முன்னோடி என்று பொறித்திருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையோடு சேர்ந்து நமக்கு வரவில்லை. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. தோட்டம் என்ற அமைப்பு பெயர்களைச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் வைத்திருந்தது, வரலாற்றில் வைக்கவில்லை.

ஸ்டோர் வேலை தோட்டத்தில் ஒரு தனி உலகம். நள்ளிரவு தாண்டி, மற்றவர்கள் தூங்கும்போது, வாடிய கொழுந்து பதமாகிவிட்டதா என்று கையில் அள்ளி அமுக்கிப் பார்த்து ரோலரைத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். புளிக்கவைத்த இலையை மூக்கருகில் கொண்டுபோய், இப்போது டிரையருக்குப் போகலாம் என்று சொன்ன டீமேக்கர் இருந்தார். ஐந்து நிமிடம் பிந்தினாலும் கோப்பையில் சுவை மாறிவிடும். சலித்த தேயிலையில் காம்பு பொறுக்கிய பெண்கள் இருந்தார்கள். பெல்ட்டில் கை சிக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன தொகை 525,000 பேர். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் அங்கும் தேயிலையிலேயே வேலை செய்தவர்கள் உண்டு. ஸ்டோர்கள் பூட்டப்பட்டதும் மனிதர்கள் கப்பலேறியதும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டுகளில் நடந்தன. கட்டடத்தைத் திருத்த வந்தவர்கள் பின்னாளில் இயந்திரத்தைக் கண்டார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்களில் பலர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

தொழில்துறை மரபு பற்றி உலக அளவில் ஒத்துக்கொண்ட ஆவணம் ஒன்று இருக்கிறது, 2003ஆம் ஆண்டு நிஷ்னி தகில் சாசனம். பழைய தொழிற்சாலையைப் புதிய வேலைக்குப் பாவிக்கலாம் என்று அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் பொருள் எப்படி உள்ளே நகர்ந்தது, வேலை எப்படி ஓடியது என்ற தடத்தை மதிக்க வேண்டும் என்கிறது. வழக்கொழிந்த தொழில்களில் மனிதர்களுக்கு இருந்த கைத்திறனையும் பதிவு செய்து அடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கந்தப்பளையும் ஹந்தானையும் முதல் பாடத்தில் பாஸ். இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த இரண்டாவது பாடத்தை எழுதிப் பார்த்தது வேறொரு இடம். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. ஸ்டோரில் அல்ல, ஒரு லயத்தில். காம்பிரா என்ற லய அறையின் அளவை அங்கே உள்ளே நின்று உணரலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக்குள் ஒரு குடும்பம். சமையல் சாமான், கவ்வாத்துக் கத்தி, கூடை, தப்பு மேளம், பழைய ஆவணங்கள். ஹந்தானையின் இயந்திரங்களுக்கு முன்னால் இவை சின்னப் பொருட்களாகத் தெரியலாம். ஒன்றில் ஆளில்லாத இயந்திரம், மற்றதில் இயந்திரமில்லாத ஆட்கள். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் வரவில்லை என்பதுதான் மலையகத்துக் கட்டடப் பாதுகாப்பின் உண்மையான சிக்கல் என்று நான் நினைக்கிறேன். பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் உதவுமா? 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் எது என்பதற்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்குப் போன நாள் அது. மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும், கோப்பி, தேயிலை, ரயில், லயம், ஸ்டோர் எல்லாமே அந்தத் திகதிக்குப் பிந்தியவை! பிற்காலக் கட்டடங்களையும் வர்த்தமானி என்ற அரசிதழ் அறிவிப்பு மூலம் பாதுகாக்க வழி இருக்கிறது. ஆனால் ஒன்றொன்றாக யாராவது கேட்டு, யாராவது அறிவிக்க வேண்டும். உலக மரபுப் பட்டியலில் இலங்கையின் மத்திய மலைநாடு 2010இல் சேர்ந்தது. அது சிவனொளிபாத மலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும், அதாவது இயற்கை மரபு. கண்டி நகரம் 1988இலேயே சேர்ந்துவிட்டது. அது தலதா மாளிகையும் அரச நகரமும். நடுவே கிடக்கும் தேயிலை நிலம் இரண்டிலும் இல்லை.

அடுத்த சிக்கல் குத்தகை. தோட்டக் காணி அரசுடையது; கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. ஏறக்குறைய இருபது ஆண்டு மட்டுமே கையில் இருக்கும் கட்டடத்தின் கூரையை நூறு ஆண்டுக்கு மாற்ற எந்தக் கம்பனி செலவழிக்கும்? சுற்றுலாவால் வருமானம் வரும் இடம் என்றால் செலவழிக்கும். ரோட்டோரமாக இருந்தால், காட்சி நன்றாக இருந்தால், எல்லவுக்கோ நுவரெலியாவுக்கோ போகிற வழியில் இருந்தால். மஸ்கெலியாவுக்கு உள்ளே, பஸ் ஒருநாளைக்கு இரண்டு முறை வரும் தோட்டத்து ஸ்டோருக்கு அந்த யோகம் இல்லை.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பதென்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் தொடங்கிய ஸ்டோர் இப்போதும் கொழுந்து அரைக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்று, லபுக்கலை, எல்லப் பக்கத்தில் ஹல்பே என்று பார்வையாளர்களை உள்ளே விட்டுக்கொண்டே வேலை செய்யும் ஸ்டோர்கள் இருக்கின்றன. என் கணிப்பில் இதுதான் இருப்பதற்குள் சிறந்த பாதுகாப்பு. கூரை ஒழுகினால் தேயிலை நனையும் என்பதால் கூரையைத் திருத்துகிறார்கள்; மரபு என்பதற்காக இல்லை. டிரையரின் சூடு மரத்தைக் காக்கிறது. தேயிலை வாசனை சுவரில் இருக்கிறது. வேலை தெரிந்தவர் கண்முன் நிற்கிறார். ஆனால் சுற்றிக் காட்டுபவர் சொல்லும் கதை பெரும்பாலும் தேயிலையின் தரப்பெயர்களோடு முடிந்துவிடுகிறது. இந்த இயந்திரத்தில் முப்பது ஆண்டு நின்றவர் அடுத்த லயத்தில் இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை.

நகரத்துக் கட்டடங்களில் மக்கள் வாய் திறந்த உதாரணம் ஒன்று உண்டு. நுவரெலியாவின் சிவப்புச் செங்கல் தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் யோசனை வந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு உள்ளே வேலை செய்தவர்களுக்கு அது தங்களுடையது என்ற எண்ணம் இருந்தது, சொல்லத் தொழிற்சங்கமும் இருந்தது. மூடிய ஸ்டோருக்காக அப்படி ஒரு குரல் எழவில்லை. எழவேண்டும் என்று தோட்டத்துச் சனங்களிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சம்பளத்துக்கும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கும் போராடுகிறவர்கள், தங்களை நசுக்கிய கட்டடத்துக்காக ஏன் போராட வேண்டும்? இந்தக் கேள்வியைச் சிலர் நேராகவே கேட்கிறார்கள். ஸ்டோர் விழட்டுமே, அதில் நமக்கு என்ன பெருமை?

நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இரும்பை மலையேற்றியதும், சுவர் எழுப்பியதும், நூறாண்டு ஓட்டியதும் நம் ஆட்கள். துரைமாருடைய நினைவுச்சின்னம் என்று அதை விட்டுக்கொடுத்தால் துரைமார் மட்டுமே நினைவில் இருப்பார்கள். 2023இல், மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடையில் கேட்ட அங்கீகாரத்தின் ஒரு பகுதி இந்தக் கட்டடங்களுக்குள்ளும் இருக்கிறது.

பெரிய பணம் இல்லாமல் இப்போதே செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. முதலாவது காகிதம். மூடும் ஸ்டோரில் இரும்புக்கு விலை பேசுபவர் பழைய பதிவேட்டுக்குப் பேசமாட்டார். அது அடுப்புக்கோ கரையானுக்கோ போகும். செக்ரோல், பிறப்பு இறப்புக் குறிப்பு, டீமேக்கரின் நாட்குறிப்பு ஆகியவற்றில்தான் பெயர்கள் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் திருமணமானவரிடம் ஏழு ஆண்டு, மற்றவரிடம் பத்து ஆண்டு வதிவிடத்துக்குச் சான்று கேட்ட காலத்தில், தோட்டத்துக் காகிதம் எவ்வளவு பெறுமதி என்பதை நம் தாத்தா பாட்டிமார் அறிந்திருந்தார்கள். ஒரு கைத்தொலைபேசி இருந்தால் இன்று ஒரு பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடலாம். நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதற்குத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் கடைசி வரியாகவாவது இதைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற டீமேக்கர்களும் ரோலர்காரர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது. அதைப் பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ படிக்கும் மலையக மாணவர்கள் தங்கள் சொந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம். மூன்றாவது, ஹந்தானையின் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பதிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வைக்கச் சொல்லித் தேயிலைச் சபையிடம் கேட்பது. கட்டடம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது, கூரை ஒழுகவில்லை, இடமும் இருக்கிறது.